தொண்ணூறு அடியும் ஒரு ஜோடிச் செருப்பும்

போன ஞாயிறு சாயங்கால ஆராதனை. ஜெபம் என்றதும் எல்லோரும் முழங்காலில் நின்றார்கள். நான் மட்டும் நெடுமரமாக நின்றுகொண்டிருந்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து மெர்சி — என் மனைவி — திரும்பிப் பார்த்து முறைத்தாள்.

பக்தி குறைந்துவிட்டதா? அதெல்லாம் இல்லை. தொடை மடங்கவில்லை, அவ்வளவுதான். இடுப்புக்குக் கீழே உள்ள அத்தனை உறுப்புகளும் அன்று காலையே வேலைநிறுத்தத்தில் இறங்கிவிட்டன.

காரணம்... கோல்ஃப்.

சிரிக்காதீர்கள். சிரித்தே ஆக வேண்டுமென்றால் கடைசியில் மொத்தமாகச் சேர்த்துச் சிரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே இடத்தில் நடைப்பயிற்சியைப் பற்றி எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? அதில் போகிற போக்கில் ஒரு வரி. ‘கோல்ஃப் என்பது சோம்பேறிகள் தங்களுக்காகக் கண்டுபிடித்துக்கொண்ட உடற்பயிற்சி.’ எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு மூன்று பேர் போன் செய்து பாராட்டவும் செய்தார்கள். இத்தனைக்கும் நான் கோல்ஃபைப் பார்த்ததெல்லாம் டிவியில் சேனல் மாற்றும்போது, ஒரு நாலு விநாடி.

அப்புறம் ஒரு போன் வந்தது.

“சார், நான் அம்மையார்குப்பத்துலருந்து பேசறேங்க. பேரு தனலட்சுமி. பவர்லூம் ஷெட் வெச்சிகினு கீறோம்.”

“சொல்லுங்கம்மா.”

“நான் கோல்ஃப் ஆடறேங்க.”

அவரே தொடர்ந்தார்.

“எங்க வூட்ல வாராவாரம் பேப்பர்ல நீங்க எழுதற பத்திய படிப்பாங்க சார். எங்க பாவா, அதான் வீட்டுக்காரரோட அண்ணன், சத்தமா படிப்பாரு. நாங்கல்லாம் டீ குடிச்சிகினே கேப்போம். அன்னிக்கு அந்த வரிய மட்டும் மூணு வாட்டி படிச்சாருங்க. இப்ப ஞாயித்துக்கிழமை நான் கெளம்பினாலே, சோம்பேறி சங்கத்துக்குக் கெளம்பியாச்சான்னு கேக்கறாங்க. பேப்பர்லயே போட்டுட்டான், இன்னும் எதுக்குப் போறேன்றாங்க மாமியாரு. நீங்க அத வாபஸ் வாங்கிக்கணும்.”

எழுதுகிறவனிடம் போய், எழுதியதை வாபஸ் வாங்கு என்றால் என்ன ஆகும்? எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “அது என் கருத்தும்மா” என்றேன், கொஞ்சம் விறைப்பாகவே.

“சரிங்க. ஒருவாட்டியாச்சும் ஆடியிருக்கீங்களா?”

“இல்லை.”

“அப்ப அது கருத்து இல்லீங்களே.”

இருபது வருஷமாகப் பத்தி எழுதுகிறேன். இவ்வளவு சின்ன வாக்கியத்தில் என்னை யாரும் உட்கார வைத்ததில்லை.

அந்தச் சூட்டிலேயே பந்தயமும் முடிவாகிவிட்டது. ஒன்பது குழி. நன்றாக ஆடுகிறவர்கள் முப்பத்தாறு அடியில் (தூரமல்ல, பந்தை அடிக்கிற அடி) எல்லாவற்றிலும் பந்தைப் போட்டு முடிப்பார்களாம். எனக்குத் தொண்ணூறு. குழிக்குப் பத்து. அதற்குள் முடித்துவிட்டால் அது சோம்பேறி ஆட்டம்தான் என்று அவர் ஒத்துக்கொள்வார். கோல்ஃப் கிட்டை யாருக்காவது கொடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் உட்கார்ந்துகொள்வார். முடிக்காவிட்டால், நான் எழுதியது தப்பு என்று இந்தப் பத்தியிலேயே நான் எழுத வேண்டும்.

தொண்ணூறு! சின்னக் குழந்தைகூட முடிக்குமே என்று நினைத்தேன்.

பயிற்சிக்கு இரண்டு வாரம் அவகாசம் கேட்டேன். மொட்டை மாடியில் குடையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை வைத்து அடித்துப் பழகினேன். மூன்றாவது நாள் ஒரு பழம் மாடியைத் தாண்டிப் பறந்து, பக்கத்து வீட்டு வாசலில், சரியாக நடுவில் போய் உட்கார்ந்தது. எங்கள் தெருவில் விடிகாலையில் வாசலில் எலுமிச்சம்பழம் கிடந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். அந்த வீட்டுக்காரர் இரண்டு நாள் பின்வாசல் வழியாகவே போய்வந்தார். உண்மையைச் சொல்லலாம் என்றால், கோல்ஃப் பழகினேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

போகும் நாளன்று காலையில் மெர்சி கேட்டாள். “காலை ஆராதனைக்கு ஏன் வரலைன்னு சர்ச் ஐயர் கேட்டா என்ன சொல்றது?”

“கோல்ஃப் ஆடப் போயிருக்கார்னு சொல்லு. சாயங்கால ஆராதனைக்கு வந்துடறேன்.”

“அதுக்கு எதாச்சும் பொய்யே சொல்லிடறேன். அதையாச்சும் நம்புவாரு.”

மைதானம் ஆந்திரா பார்டருக்குப் போகும் வழியில், பழைய கல்குவாரி ஒன்றைச் சுற்றி இருக்கிறது. மெம்பராக வேண்டாம், சிபாரிசு வேண்டாம். டிக்கெட் வாங்கினால் யார் வேண்டுமானாலும் ஆடலாம். குச்சியும் வாடகைக்குத் தருகிறார்கள். (அதைக் குச்சி என்று சொல்லக் கூடாதாம். சொல்வேன்.) பஸ்ஸில் போகும்போது தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைப்பசேல் என்று சாதுவாகத்தான் தெரியும். உள்ளே போனால்தான் தெரிகிறது... பாறை, மேடு, பள்ளம், வேலிக்காத்தான் புதர். இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவருக்குக் கோல்ஃப் ஆடுகிறவர்கள் மேல் ஏதோ பழைய பகை இருந்திருக்க வேண்டும்.

தனலட்சுமி முன்பே வந்து காத்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். சுடிதார், அதற்கு மேல் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டை, தொப்பி, காலில் பின்பக்கம் வார் வைத்த செருப்பு. இரண்டு வருஷத்துக்கு முன் இந்த மைதானத்துக்குக் கைத்துண்டு கொண்டுவந்து கொடுக்க வந்தவராம். ஆபீசில் ஆள் இல்லை. காத்திருந்த நேரத்தில் யாரோ ஒரு குச்சியைக் கையில் கொடுத்து, சும்மா ஒரு அடி அடித்துப் பாருங்கள் என்றிருக்கிறார்கள். பந்து போன தூரத்தைப் பார்த்ததும், துண்டு கொடுக்க வந்ததையே இவர் மறந்துவிட்டாராம்.

முதல் குழி. பந்தை வைத்தேன். மூச்சை இழுத்தேன். ஓங்கினேன். குச்சி காற்றில் சுழன்று என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றது. குனிந்து பார்த்தால், பந்து வைத்த இடத்திலேயே இருக்கிறது.

“சும்மா பழகிப் பார்த்தேன்” என்றேன்.

“அடிக்கணும்னு ஓங்கினீங்களா, பழகறதுக்கு ஓங்கினீங்களா?”

“நீங்கதான் பார்த்தீங்களே?”

“நான் பாக்கலீங்க, தொப்பிய சரி பண்ணிகினு இருந்தேன். நீங்கதான் சொல்லணும். இந்த ஆட்டத்துல அம்பயர்லாம் கெடையாது.”

என்ன விளையாட்டு இது? கிரிக்கெட்டில் பந்து பேட்டில் பட்ட சத்தம் அரக்கோணம் வரை கேட்டாலும், அம்பயர் விரலைத் தூக்கும் வரை நகராமல் நிற்கும் பரம்பரையில் வந்தவன் நான். இங்கே நானே ஆட்டக்காரன், நானே நீதிபதி. கொஞ்ச நேரம் பந்தையே பார்த்தேன்.

“அடிக்கத்தாங்க ஓங்கினேன்.”

“ஆங். அப்ப ஒண்ணு” என்றார். அட்டையில் எழுதிக்கொண்டார்.

குழியைச் சுற்றி வழவழவென்று ஒரு புல்வட்டம் இருக்கிறது. க்ரீன் என்கிறார்கள். அதன் ஓரத்தில் வரிசையாகச் செருப்பும் ஷூவும் கிடந்தன. எங்களுக்கு முன்னால் ஆடிய நாலு பேர் வெறுங்காலோடு உள்ளே நின்றுகொண்டிருந்தார்கள். நான் எதுவும் கேட்கவில்லை. திருத்தணியில் பிறந்தவனுக்கு அதெல்லாம் சொல்லித்தர வேண்டுமா? செருப்பு வரிசையைப் பார்த்தால் கால் தானாகவே கழற்றிவிடும். கழற்றிவிட்டேன்.

அப்புறம்தான் சந்தேகம் வந்தது. உலகத்தில் வேறு எங்கேயும் இப்படி இல்லையே?

இல்லைதான். இந்த வழக்கத்தை ஆரம்பித்தவர் செங்கம்மா. மைதானம் திறந்த நாளிலிருந்து புல்லைப் பார்த்துக்கொள்பவர். தண்ணீர் பாய்ச்ச, குப்பை பொறுக்க, எதற்குப் போனாலும் க்ரீனுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவாராம். கூட வேலை செய்த பெண்களும் அப்படியே. ஒருநாள் சென்னையிலிருந்து வந்த ஒருவர் செருப்பு வரிசையைப் பார்த்து, இதுதான் இங்கே விதி போலிருக்கிறது என்று தன் ஷூவைக் கழற்றினார். அவரைப் பார்த்து அவருக்குப் பின்னால் வந்தவர் கழற்றினார். இப்போது ‘காலணிகளை இங்கே விடவும்’ என்று போர்டே வைத்துவிட்டார்கள்.

“ஏம்மா, ஷூவோட போனா என்ன?” என்று அங்கே தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த செங்கம்மாவிடம் கேட்டேன்.

“கொழந்த தல மாதிரி கீது. அதும்மேல செருப்புக் காலோட எப்டி சார் ஏறுவ?” என்றார். கேட்டதற்கு வெட்கப்பட்டேன்.

முதல் குழி ஒன்பது அடி. இரண்டாவது எட்டு. பார்த்தீர்களா... இவ்வளவுதான் கோல்ஃப் என்று தோன்றியது. மூன்றாவதில் பந்து வேலிக்காத்தானுக்குள் போனது. நானும் போனேன். பந்து முதலில் வெளியே வந்தது. நான் வர இன்னும் கொஞ்சம் நேரம் ஆனது. பதினொன்று. நாலாவதில் பத்து. ஐந்தாவதில் ஒன்பது. ஆறாவது மேட்டு ஏற்றம், பத்து. அங்கே ஏறி நின்றால் தூரத்தில் நம்ம ஊர் மலையும் கோபுரமும் தெரிந்தன. முந்நூற்று அறுபத்தைந்து படிகளையும் ஏறி இறங்கிவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஏறச் சொன்னது போல என் கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

ஆறு குழிக்கு ஐம்பத்தேழு. கணக்கு எனக்குச் சாதகமாகத்தான் இருந்தது. தனலட்சுமியின் பந்து மட்டும் ஒவ்வொரு முறையும் சொல்லிவைத்த இடத்தில் போய் விழுந்தது.

ஏழாவது குழி. அங்கேதான் கல்குவாரி. இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் கொடி. நடுவே ஐந்தாறு பனைமர ஆழத்துக்குப் பள்ளம். அடியில் பச்சைத் தண்ணீர். பந்து தாண்டியாக வேண்டும்.

என் முதல் பந்து தாண்டவில்லை. இரண்டாவதும் தாண்டவில்லை. உள்ளே போன ஒவ்வொரு பந்துக்கும் அபராதமாக ஒரு அடி சேர்த்துக்கொள்ள வேண்டுமாம். மூன்றாவது பந்து விளிம்புப் பாறையில் பட்டு, யோசித்து, அந்தப் பக்கம் விழுந்தது. நான் போட்ட கூச்சலில் பாறை மேலிருந்த மைனாக்கள் பறந்துவிட்டன. கொடியைச் சேர்ந்து குழியில் போடும்போது எண்ணிக்கை பதினாறு. மொத்தம் எழுபத்துமூன்று.

இரண்டு குழி. பதினேழு அடி.

என் முகத்தைப் பார்த்து, கொஞ்சம் உட்காரலாம் என்றார் தனலட்சுமி. குவாரி ஓரத்துப் பாறையில் உட்கார்ந்தோம். தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

“எதுக்கும்மா இந்த ஆட்டம்? வேற எத்தனையோ இருக்கே” என்றேன்.

பாட்டிலைத் திரும்ப வாங்கி மூடினார். அப்புறம், “ஷெட்ல இருபது தறி ஓடுதுங்க” என்றார். “வூடு ஷெட்டுக்கு மேலயே. ஆறு நாளும் அந்த சத்தம்தான். பக்கத்துல இருக்கறவங்கள கூப்புடணும்னாலும் கத்தணும், இல்லனா தோளத் தொடணும். தூங்கறப்பகூட காதுல ஓடிகினே இருக்கும். இங்க வந்து மொத தடவ பந்த அடிச்சிட்டு நின்னேன் பாருங்க... என் மூச்சு எனக்குக் கேட்டுச்சு. கல்யாணம் ஆகி வந்ததுலருந்து நான் அத கேட்டதேயில்ல சார்.”

நானும் சும்மா இருந்து கேட்டுப் பார்த்தேன். காற்று. எங்கோ ஒரு செம்போத்துக் குரல். பக்கத்தில் என் மூச்சு, கொல்லன் துருத்தி மாதிரி.

அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது. நான் ஜெயித்தால் இவருக்குப் போவது ஒரு விளையாட்டு அல்ல. வாரத்தில் அவருக்குக் கிடைக்கிற இரண்டரை மணி நேர அமைதி. அதையும் ஒரு வரி எழுதிப் பிடுங்கப் பார்த்தவன் நான். அதுவும் சிரிப்பு வருகிறது என்பதற்காக எழுதிய வரி.

ஆனால் பாருங்கள், மனுஷ புத்தி லேசுப்பட்டதா? எட்டாவது குழிக்குப் போய் குச்சியைக் கையில் எடுத்ததும் இதெல்லாம் மறந்துவிட்டது. ஜெயிக்க வேண்டும். ஒன்பது அடியில் முடித்தேன். மொத்தம் எண்பத்திரண்டு. கடைசிக் குழிக்கு எட்டு அடி மிச்சம்.

ஒன்பதாவது க்ரீன் பின்பக்கமாகச் சரிந்து இருக்கும். சரிவுக்குக் கீழே ஒரு குட்டை. எல்லோரும் முன்பக்கத்தில்தான் செருப்பை விடுவார்கள். அன்றைக்குத் தனலட்சுமி அடித்த பந்து கொஞ்சம் நீண்டு பின்பக்க ஓரத்தில் நின்றது. அதனால் அவர் அந்த வழியாகச் சுற்றிப் போய், அங்கேயே செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். இரண்டே அடியில் பந்தைக் குழிக்குள் போட்டுவிட்டு எனக்காகக் காத்து நின்றார்.

நான் ஆறு அடி அடித்துவிட்டேன். பந்து க்ரீனுக்கு இந்தப் பக்கம், புல்லுக்குள். ஏழாவது அடி. மெதுவாகத் தட்ட வேண்டும் என்று மனசு சொன்னது. கை கேட்கவில்லை. பந்து க்ரீனில் ஏறியது, கொடியைத் தாண்டியது, பின்பக்கச் சரிவில் வேகம் பிடித்தது, குட்டையைப் பார்த்து ஓடியது. அவ்வளவுதான், முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

தண்ணீர்ச் சத்தம் வரவில்லை.

கண்ணைத் திறந்தால் புல் வெட்டிக்கொண்டிருந்த செங்கம்மா வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருக்கிறார். பந்து, தனலட்சுமியின் இடதுகால் செருப்பில் சாய்ந்துகொண்டு நிற்கிறது.

மூன்று பேரும் போய்ப் பார்த்தோம். செருப்பு இல்லையென்றால் இரண்டு சாண் தள்ளி தண்ணீர்.

“சரிம்மா, இதுக்கு எத்தனை அபராதம்?” என்றேன். செருப்பில் பட்டால் ஏதாவது இருக்கத்தானே வேண்டும்? ஒரே ஒரு அடி அபராதம் என்றாலும் நான் தோற்றேன்.

தனலட்சுமி செருப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“அபராதம்லாம் இல்லீங்க. தெரியாம பட்டதுக்கு ஒண்ணும் கெடையாது. செருப்ப எடுத்துட்டு, பந்து எங்க கீதோ அங்கருந்தே அடிக்கலாம். எடுக்கும்போது பந்து உருண்டாக்கூட திரும்ப அங்கயே வெச்சிக்கலாம். ரூலு அதான்.”

“நிஜமாவா?”

“ஆங்.”

அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் எனக்குத் தெரியவா போகிறது? ‘ஒண்ணு’ என்று சொல்லியிருந்தால் அட்டையில் எழுதிக்கொண்டு கிளம்பியிருப்பேன். அவருடைய ஞாயிற்றுக்கிழமை பத்திரமாக இருந்திருக்கும். எனக்கு அவரை நிமிர்ந்து பார்க்கவே கூச்சமாக இருந்தது.

குனிந்து தன் செருப்பைத் தானே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

எண்பத்தொன்பது. மிச்சம் ஒரே அடி. குழி நாலைந்து தப்படி தூரத்தில், மேட்டில். வேண்டுமென்றே தவறவிட்டால் என்ன என்று ஒரு விநாடி தோன்றியது. உண்மையாகத் தோன்றியது. ஆனால் அவர் அப்படியா ஆடினார்? நான் ஏமாற்றி அவருக்குத் தர்மம் செய்வதா? ஒழுங்காகக் குறி பார்த்து, ஒழுங்காகத் தட்டினேன்.

பந்து மேலே ஏறியது, வலது பக்கம் சாய்ந்தது, மனசு மாறி இடது பக்கம் திரும்பியது, குழியின் விளிம்பில் கொஞ்ச நேரம் நின்றது... உள்ளே விழுந்தது.

தொண்ணூறு!

இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு ஆடினேன். செங்கம்மா கூடச் சேர்ந்து கை தட்டினார். ஆடி முடித்துத் திரும்பினால், தனலட்சுமி பையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு குச்சியாக எடுத்து, துண்டால் துடைத்து, உள்ளே வைத்துக்கொண்டிருந்தார். அவர் ஷெட்டில் நெய்த துண்டு.

“ஜெயிச்சிட்டீங்க சார்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். “இத யாருக்குக் குடுக்கலாம்னு யோசிச்சிகினு கீறேன். செங்கம்மா பொண்ணு நல்லா ஓடும், அதுக்கே குடுத்துடலாம்.”

“அவசரப்படாதீங்கம்மா. இந்த வாரம் பேப்பர் வரட்டும். உங்க பாவா படிச்சு முடிக்கட்டும். அப்புறம் யாருக்கு வேணா குடுங்க.”

பந்தயத்தின்படி, ஜெயித்தவன் வாபஸ் வாங்க வேண்டியதில்லை. என் கருத்தை நானே வைத்துக்கொள்ளலாம். ஆனால் இப்போதுதானே எனக்கு முதன்முதலாகக் கருத்து என்று ஒன்று இருக்கிறது? அதற்கு முன்னால் இருந்தது வெறும் வாய். மூன்று நாளாக மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குகிறேன். மேஜைக்கு முன்னால் உட்காரும்போது, முதலில் ஒரு கையை ஊன்றி, அப்புறம் இன்னொரு கையை ஊன்றி, மெர்சியைக் கூப்பிட்டு... வேண்டாம், விவரம் எதற்கு?

ஆகவே, அம்மையார்குப்பத்தில் டீ கிளாஸும் கையுமாக இதைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருக்கும் பாவா அவர்களே, வணக்கம். அடுத்த பாராவைத் தயவுசெய்து மூன்று தடவை படியுங்கள். உங்கள் அம்மா காதில் விழும்படி.

கோல்ஃப் சோம்பேறிகளின் ஆட்டம் அல்ல. போய்ப் பார்க்காமல், ஆடிப் பார்க்காமல், நாற்காலியில் சாய்ந்துகொண்டு அந்த வரியை எழுதினானே ஒருவன், அவன்தான் சோம்பேறி. உங்கள் வீட்டு மருமகள் என்னை ஜெயிக்க விட்டது, எனக்குத் தெரியாத ஒரு விதியை எனக்குச் சாதகமாகச் சொன்னதால். அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் அவருடையவை.

தனலட்சுமி அம்மா, கிட்டை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். செருப்பையும் அன்றைக்குப் போலவே க்ரீனுக்குப் பின்பக்கம் விடுங்கள்... அடுத்த ஞாயிறும் எனக்குத் தேவைப்படும்.